ஒரே பெயரில் பத்துப் பேர்: அமெரிக்க சென்சஸ் ஏடுகளில் குடியேறிய முன்னோரை உறுதிசெய்ய முழுமையான வழிகாட்டி

1910ஆம் ஆண்டு சிகாகோ சென்சஸில் ஜான் மில்லர் என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழும். ‘ஜெர்மனியில் பிறந்தவர்’ என்று வடிகட்டினாலும் கூட்டம் கலையாது. யோஹான் மியூலர் என்ற பெயரோடு கப்பலேறிய பலர் அங்கே போய் ஜான் மில்லர் ஆனவர்கள்தான். பெயரும் வயதும் ஏறத்தாழ ஒத்துப்போகிறதே என்று முதலில் கிடைத்தவரைப் பிடித்துக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுவதுதான் இந்தத் தேடலில் அதிகம் நடக்கும் பிழை. அந்த இடத்தில் தவறினால் அதற்கு மேலே சேர்க்கும் தலைமுறைகள் அத்தனையும் யாரோ ஒருவருடையவை.

சென்சஸின் ஒற்றை வரி எதையும் நிரூபிக்காது. பதில் சொன்னது அவரா, மனைவியா, எட்டு வயது மகளா, பக்கத்து வீட்டுக்காரரா என்பது 1930 வரையிலான ஏடுகளில் தெரியாது. 1940இல்தான் பதில் சொன்னவர் பெயரருகே வட்டமிட்ட பெருக்கல் குறி வந்தது. ஆனால் அதே குடும்பத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு தேடி வந்து பதிவுசெய்தது என்பதில்தான் சென்சஸின் பலம் இருக்கிறது. வயது தவறலாம், பெயர் திரியலாம். மனைவி, நான்கு பிள்ளைகள், கூடவே இருக்கும் மச்சினன், தொழில், தெரு எல்லாம் சேர்ந்தாற்போல் இன்னொரு குடும்பத்தோடு தற்செயலாகப் பொருந்துவது அபூர்வம். ஆகவே ஆளைத் தேடாதீர்கள்; வீட்டைத் தேடுங்கள்.

முதலில்: எந்த ஏட்டில் என்ன இருக்கிறது

1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அடிமைகளாக இல்லாத எல்லோரின் பெயரும் 1850இல்தான் முதன்முறையாக எழுதப்பட்டது. உறவுமுறைக் கட்டம் 1880இல் வந்தது. எனவே 1850, 1860, 1870 ஏடுகளில் ஓர் ஆணின் பெயருக்குக் கீழே இருக்கும் பெண் மனைவி என்றோ பிள்ளைகளின் தாய் என்றோ நினைத்துவிடக் கூடாது. தங்கையாக இருக்கலாம், இரண்டாம் தாரமாக இருக்கலாம், மூத்த மகளாகக்கூட இருக்கலாம். பெற்றோர் பிறந்த நாடும் 1880 முதல்தான்.

1890 ஏடு கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயிலும் அணைக்க அடித்த தண்ணீரிலும் நாசமானது போக, மிஞ்சியதையும் பின்னர் அரசே அழித்துவிட்டது. இன்று இருப்பது ஏறத்தாழ 6,000 பெயர்கள். பெருங்கூட்டம் வந்திறங்கிய காலத்தில் இப்படி இருபதாண்டுப் பள்ளம். அதைத் தாண்ட மாநிலச் சென்சஸ் உதவும்: நியூயார்க்கில் 1892, நியூ ஜெர்சி, மினசோட்டா, அயோவா, கான்சாஸ் மாநிலங்களில் 1885, 1895. சிகாகோ என்றால் 1888, 1890, 1892 வாக்காளர் பதிவேடுகளைப் பாருங்கள். வந்தேறியவர் எந்த நீதிமன்றத்தில் எப்போது குடியுரிமை பெற்றார் என்பது அதில் உண்டு.

குடியேறியவரைத் தேடுவோருக்குப் பொன்னான நான்கு ஏடுகள் 1900, 1910, 1920, 1930. நான்கிலும் குடியேறிய ஆண்டும் குடியுரிமை நிலையும் உண்டு. இவை தவிர 1900இல் பிறந்த மாதமும் ஆண்டும். 1900, 1910 இரண்டிலும் ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எண். 1910இலும் 1920இலும் தாய்மொழி. 1920இல் மட்டும் குடியுரிமை பெற்ற ஆண்டு. 1930இல் முதல் திருமணத்தின்போது வயது. 1940இல் பெற்றோர் பிறந்த நாடு எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. 40 வரிகள் கொண்ட பக்கத்தில் 2 வரிக்காரர்களிடம் மட்டும் கேட்டார்கள். உங்கள் ஆள் அந்த வரியில் விழுந்திருந்தால் அதிர்ஷ்டம்.

72 ஆண்டு கழித்தே ஏடுகள் வெளியாகும். 2022 ஏப்ரல் 1 அன்று திறந்த 1950 ஏடுதான் இப்போதைக்குக் கடைசி. இவற்றைப் பார்க்க ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு போதும். 1950 ஏட்டை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே பார்க்கலாம். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம் என்றாலும் அமெரிக்காவின் பல பொது நூலகங்களில் அதைக் காசில்லாமல் பார்க்க முடியும்.

பின்னாலிருந்து முன்னால்

உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த கடைசிப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள். பாட்டி 1950இல் எந்த ஊரில் யாரோடு இருந்தார் என்பது குடும்பத்துக்குத் தெரியும் என்றால் அதுதான் ஆணி. அங்கிருந்து 1940, 1930 என்று ஒவ்வொரு பத்தாண்டாகப் பின்னே போக வேண்டும். ஒன்றைக்கூடத் தாண்டக் கூடாது. 1930இல் கிடைக்கவில்லை என்று 1920க்குத் தாவும் இடத்தில்தான் அதே பெயருள்ள வேறொருவர் உள்ளே நுழைகிறார்.

ஒவ்வொரு பதிவையும் எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், கணக்கெடுப்பு வட்டார எண் (கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கிய பகுதியின் எண்), தாள் எண், வரி எண், வீடு வரிசை எண், குடும்ப வரிசை எண் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தளத்தின் இணைப்பு மாறும். இந்த எண்கள் மாறாது. படத்தையும் தரவிறக்கி வையுங்கள். தளம் தட்டச்சு செய்து தரும் சுருக்கத்தை மட்டும் பார்த்து நகர்ந்தால் பாதி விவரம் போய்விடும். குடியுரிமைக் கட்டம் தளங்களின் பல தேடல் அட்டவணைகளில் ஏறியிருப்பதில்லை. இடது ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கும் தெருப்பெயரும் அப்படித்தான்.

பெயர் சிக்காதபோது

கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுதினார். நூறாண்டு கழித்து இன்னொருவர் அந்தக் கையெழுத்தைக் கண்ணில் பட்டபடி தட்டச்சு செய்தார். பழைய கையெழுத்தில் எஸ்ஸும் எல்லும், டியும் எஃப்பும், ஐயும் ஜேயும் ஒன்றுபோலவே தெரியும். எனவே குடும்பப் பெயரை விட்டுவிட்டுத் தேடிப் பாருங்கள்: முதற்பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, பிறந்த நாடு, மாவட்டம். அதிலும் அபூர்வமான பெயருள்ள பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள். ஜான், மேரியை விட்டுவிட்டு லியோகாடியா என்ற மகளைத் தேடினால் வீடு சட்டென்று அகப்படும்.

முதற்பெயர்களும் ஊருக்கேற்ப மாறின. இத்தாலியின் ஜுசெப்பே ஜோசஃப் ஆவார். வின்சென்சோ வின்சென்டும் ஆவார், ஜேம்ஸும் ஆவார். போலந்தின் ஸ்தானிஸ்வாஃப் ஸ்டான்லி ஆனார். வொய்ச்சியெஹ் எப்படி ஆல்பர்ட்டாகவோ ஜார்ஜாகவோ ஆனார் என்பது தமிழ்க் காதுக்கு விளங்காது. ஆனால் அந்தச் சமூகத்தில் அது வழக்கம்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் முகவரி வழியாகப் போங்கள். நகர முகவரிப் புத்தகத்தில் அந்த ஆண்டுக்கான தெருவையும் வீட்டெண்ணையும் கண்டுபிடித்து, ஸ்டீபன் மோர்ஸின் இலவசத் தேடுகருவியில் கொடுத்தால் கணக்கெடுப்பு வட்டார எண் கிடைக்கும். பிறகு அந்த வட்டாரத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியதுதான். அலுப்பான வேலைதான். ஆனால் அட்டவணையை நம்பி மூன்று மாதம் தேடுவதைவிட ஒரு மாலை நேரம் புரட்டுவது மேல். சிகாகோவில் 1909இல் வீட்டெண்களை அடியோடு மாற்றினார்கள். 1900இலும் 1910இலும் எண் வேறாக இருந்தாலும் குடும்பம் வீடு மாறியிருக்கத் தேவையில்லை.

வயதுக் கணக்கு

கணக்கெடுப்பாளர் வந்த நாளுக்கல்ல, குறிப்பிட்ட ஒரு நாளுக்கு நிறைந்த வயதைத்தான் கேட்டார்கள். அந்த நாள் 1900இல் ஜூன் 1, 1910இல் ஏப்ரல் 15, 1920இல் ஜனவரி 1, 1930 முதல் 1950 வரை ஏப்ரல் 1. 1872 மார்ச்சில் பிறந்தவருக்கு 1900இல் 28, 1910இல் 38, 1920இல் 47, 1930இல் 58. நடுவில் ஒன்று குறைவதைப் பார்த்து ஆள் வேறு என்று தள்ளிவிடாதீர்கள்; கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டு மூன்று ஆண்டு வேறுபாடு சாதாரணம். 30, 40, 45 என்று முழு எண்ணாகச் சொல்லும் பழக்கம் எங்கும் உண்டு. நடுவயதில் வரும் ஐந்தாண்டுப் பிழையைப் பொறுக்கலாம். ஆனால் பிள்ளைகளின் வயது பிழைத்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு வயதுக் குழந்தையை யாரும் ஏழு வயது என்று சொல்வதில்லை.

பிறந்த நாடு ஏன் மாறுகிறது

ஒரே மனிதர் 1910இல் ஆஸ்திரியா, 1920இல் கலீசியா (ஆஸ்திரியா வசமிருந்த பழைய போலந்துப் பகுதி), 1930இல் போலந்து. மூன்றும் உண்மையாக இருக்க முடியும். 1795 முதல் 1918 வரை போலந்து என்ற நாடு வரைபடத்தில் இல்லை. நிலம் ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா மூன்றிடமும் இருந்தது. 1930இல் போருக்குப் பிந்தைய எல்லைப்படி எழுதச் சொன்னார்கள். 1940இலோ 1937 ஜனவரி 1 அன்று அந்த ஊர் எந்த நாட்டில் இருந்ததோ அதை எழுதச் சொன்னார்கள். ஆகவே கட்டத்தில் இருப்பதை அந்த ஆண்டின் வரைபடத்தோடு வைத்துப் படியுங்கள். முரண்பாடு கரைந்துவிட்டால் அது சான்றாகவே மாறும்: 1910இல் ‘ரஷ்யா, போலிஷ் மொழி’ என்றிருப்பவரும் ‘ஆஸ்திரியா, போலிஷ் மொழி’ என்றிருப்பவரும் 1930இல் இருவருமே போலந்துக்காரர்கள்தான். ஆனால் இருவரும் ஒருவராக இருக்க வாய்ப்பு குறைவு.

1920 ஏட்டில் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கியில் பிறந்தவர்களுக்கு மாகாணத்தையோ நகரத்தையோ சேர்த்து எழுத உத்தரவு இருந்தது. எல்லோரும் கடைப்பிடிக்கவில்லை. கடைப்பிடித்த கணக்கெடுப்பாளர் வாய்த்திருந்தால் நாட்டைத் தாண்டி ஊர்ப்பக்கமே தெரிந்துவிடும்.

குடியேறிய ஆண்டும் மூன்று சுருக்கங்களும்

குடியுரிமைக் கட்டத்தில் என்.ஏ. என்றால் குடியுரிமை பெற்றவர், பி.ஏ. என்றால் ‘முதல் காகிதம்’ எனப்பட்ட விருப்ப அறிவிப்பைத் தாக்கல் செய்தவர் (படித்த பட்டமல்ல), ஏ.எல். என்றால் அந்நியர். இது ஒருவழிப் பாதை. 1900இல் ஏ.எல்., 1910இல் பி.ஏ., 1920இல் என்.ஏ. என்று ஏறலாம். 1910இல் என்.ஏ. ஆக இருந்தவர் 1920இல் ஏ.எல். என்று இறங்கினால் இரண்டில் ஒன்று தவறு, அல்லது இருவரும் வேறு ஆட்கள். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க இதைவிடக் கூர்மையான கத்தி சென்சஸில் குறைவு.

இந்த விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு. முதலாவது பெண்கள். 1922 செப்டம்பரில் கேபிள் சட்டம் வரும்வரை மனைவியின் குடியுரிமை கணவனைத் தொற்றியே நின்றது. கணவன் குடியுரிமை பெற்றால் அவளும் பெற்றாள். 1907 சட்டப்படி, அமெரிக்காவிலேயே பிறந்த பெண்கூட அந்நியரை மணந்தால் குடியுரிமையை இழந்தாள். இல்லினாயில் பிறந்தவள் என்று ஒரு கட்டத்திலும் ஏ.எல். என்று இன்னொரு கட்டத்திலும் பார்த்தால் எழுத்துப்பிழை என்று தீர்மானிக்க வேண்டாம்.

இரண்டாவது விலக்கு நம் நாட்டார். 1920, 1930, 1940 ஏடுகளில் இந்தியாவிலிருந்து போனவர்களின் இனக் கட்டத்தில் ‘ஹிந்து’ என்று எழுதினார்கள், ஆள் சீக்கியரானாலும் முஸ்லிமானாலும். கலிஃபோர்னியப் பண்ணைகளில் இருந்த பஞ்சாபியர் பெரும்பாலும் அந்த அடையாளத்தோடுதான் அகப்படுவார்கள். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே பெற்ற சிலரிடமிருந்தும் பறிக்கப்பட்டது. 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகே வழி மீண்டும் திறந்தது. ஆகவே ஓர் இந்தியர் 1920இல் என்.ஏ., 1930இல் ஏ.எல். என்றிருந்தால் அது அவரேதான் என்பதற்குச் சாதகமான குறியாகக்கூட இருக்கலாம்.

குடியேறிய ஆண்டு மட்டும் மிகவும் ஆடும். பலமுறை போய்வந்தவர்களுக்கு முதல் வருகையை எழுத வேண்டும் என்பது விதி. சொன்னவரோ குடும்பத்தோடு வந்த கடைசி வருகையைச் சொல்லியிருப்பார். இத்தாலியர்களிடம் இது அதிகம். வேலைப் பருவத்தில் மட்டும் வந்து உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஆண்கள் ஏராளம். இதைச் சரிபார்க்கப் பிள்ளைகள் பிறந்த இடத்தைப் பாருங்கள். 1900 ஏட்டில் 11 வயது மகன் ஜெர்மனியில் பிறந்தவன், 8 வயது மகள் பென்சில்வேனியாவில் பிறந்தவள், 5 வயது மகன் இல்லினாயில் பிறந்தவன் என்றால் தாய் 1888க்கும் 1892க்கும் இடையில் கடல் தாண்டினாள், குடும்பம் 1895க்குள் இல்லினாய் வந்தது. தகப்பன் வாயால் சொன்ன ஆண்டைவிட இது நம்பகமானது. வழியில் பென்சில்வேனியா இருந்தது என்பதும் தெரிந்துவிட்டது; அங்கே ஞானஸ்நானப் பதிவு இருக்கும்.

ஒரே பெயர்க்காரர்களைப் பிரிப்பது

இந்த வேலையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. உங்கள் ஆளுக்குப் பொருந்தக்கூடிய எல்லோரையும் அந்த மாவட்டத்தில் பட்டியலிடுங்கள். எக்செல் தாளில் ஆளுக்கொரு வரிசை. வயது, மனைவி, பிள்ளைகள், பிறந்த நாடு, தாய்மொழி, குடியேறிய ஆண்டு, குடியுரிமை, தொழில், தெரு என்று கட்டங்கள். பிறகு ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் அடுத்த ஏடுகளில் தொடருங்கள். ஒருவர் 1915இல் இறந்தார் என்றால் 1920இல் இருப்பவர் அவரல்ல. ஒருவர் விஸ்கான்சினுக்குப் போய்விட்டார் என்றால் அவரும் கழிந்தார். மிஞ்சியவர் ஒருவராக இருக்கும்போதுதான் பொருத்தத்துக்கு எடை கூடுகிறது.

தொழிலில் பீப்பாய் செய்பவர், தையற்காரர், சுருட்டுச் சுற்றுபவர் என்றால் பயன் உண்டு. ‘கூலி’ என்றால் எதையும் பிரிக்காது. தாய் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை நல்ல சோதனை: 1900இல் ஏழு பெற்று நான்கு உயிர், 1910இல் எட்டு பெற்று ஐந்து உயிர் என்றால் கதை தொடர்கிறது. எட்டு ஐந்தாகக் குறைந்தால் இவள் இரண்டாம் மனைவியோ என்று சந்தேகிக்கலாம். திருமணமான ஆண்டுகளின் எண்ணிக்கையையும், 1910இல் முதல் திருமணமா மறுமணமா என்ற குறியையும் கூடவே பாருங்கள்.

பக்கத்து வீடுகளையும் படியுங்கள், முன்னும் பின்னும் ஐந்து பக்கமாவது. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் சேர்ந்து குடியேறினார்கள். வாடகைக்குத் தங்கியிருக்கும் இளைஞர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். பின்னால் குடியுரிமை மனுவில் சாட்சிக் கையெழுத்திட்டவர் பெயரும், திருமணப் பதிவில் சாட்சி பெயரும், 1900இல் மூன்று வீடு தள்ளி இருந்தவர் பெயரும் ஒன்றாக இருந்தால், அது பெயர்ப் பொருத்தத்தைவிடப் பெரிய சான்று.

ஒரே ஆள் இருமுறை பதிவாகியிருப்பதும் உண்டு. 1870இல் நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும், 1880இல் செயின்ட் லூயிஸிலும் கணக்கெடுப்பை இரண்டாம் முறை நடத்தினார்கள். இரு பதிவுகளையும் ஒப்பிட்டால் முதலில் விட்ட விவரம் கிடைக்கும்.

சென்சஸிலிருந்து கப்பலுக்கு

சென்சஸ் உங்களைக் கொண்டுவிடும் எல்லை இதுதான்: இன்ன ஆண்டுவாக்கில் வந்தார், இன்ன இடைவெளியில் குடியுரிமை பெற்றார், இன்ன ஊரில் இருந்தார். இனி அதை இன்னொரு ஆவணத்தோடு கோக்க வேண்டும்.

1906 செப்டம்பர் 27க்குப் பிறகான குடியுரிமை மனு மிகச் சிறந்த பாலம். பிறந்த ஊர், பிறந்த தேதி, கப்பல் பெயர், வந்த தேதி, மனைவி பெயர், பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் வரிசையை 1910, 1920 ஏட்டோடு வைத்துப் பாருங்கள். பொருந்தினால் ஆள் உறுதி. அதற்கு முந்தைய மனுக்கள் மெலிந்தவை: பெயர், நாடு, சாட்சி, அவ்வளவுதான். அப்போதெல்லாம் சாட்சியைச் சென்சஸில் தேட வேண்டும். சிகாகோவின் மாவட்ட நீதிமன்ற ஆவணங்கள் 1871 பெருந்தீயில் எரிந்தன என்பதால் அதற்கு முன்னால் அங்கே மனு கிடைக்காது. நெப்ராஸ்கா போன்ற இடத்தில் விவசாயி என்று சென்சஸ் சொன்னால், 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி அரசு நிலம் பெற்றிருக்கிறாரா என்று பாருங்கள். குடிமகனாகவோ விருப்ப அறிவிப்பு செய்தவராகவோ இருந்தால்தான் நிலம் கிடைக்கும் என்பதால் அந்தக் கோப்பில் குடியுரிமைக் காகிதமும் இருக்கும்.

1918 செப்டம்பர் 12 அன்று 18 முதல் 45 வயது வரையிலான ஆண்களின் பெரும் இராணுவப் பதிவு நடந்தது; அந்நியரும் பதிய வேண்டியிருந்தது. அதில் உள்ள முகவரியை 1920 ஏட்டோடும் பிறந்த தேதியை 1900 ஏட்டின் மாதத்தோடும் ஒப்பிடலாம். 1940 ஏட்டில் ஏ.எல். அல்லது பி.ஏ. என்றிருந்தால் அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய அந்நியர் பதிவில் அவர் பெயர் இருந்தாக வேண்டும். அந்தப் படிவத்துக்கு அமெரிக்கக் குடியுரிமைத் துறையின் வம்சாவளிப் பிரிவிடம் விண்ணப்பிக்கலாம்.

கப்பல் பட்டியலில் பழைய பெயரைத் தேடுங்கள். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையத்தின் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்பது பரவலான கட்டுக்கதை. பட்டியல் புறப்பட்ட துறைமுகத்தில் எழுதப்பட்டது. தீவில் அதைச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பின்னால், அவர்களாகவே மாற்றிக்கொண்டது. ஹாம்பர்கின் புறப்பாட்டுப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் இருக்கின்றன. பிரேமன் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1; அதற்கு முன்னால் நியூயார்க் வந்தவர் அந்தத் தீவு வழியாக வந்திருக்க முடியாது.

ஒத்துப்போகாத விவரம் ஏதாவது கடைசிவரை மிஞ்சும். அதை மறைக்காமல், எந்த ஏட்டில் என்ன இருக்கிறது, ஏன் அப்படி இருக்கலாம் என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்பதைக் கோப்பிலேயே எழுதி வையுங்கள். புதிய ஏடு திறக்கும்போது அங்கிருந்துதான் தொடங்குவீர்கள். 1960 ஏடு 2032 ஏப்ரலில் வரும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள், சம்பந்தப்பட்டவரின் சட்டப்பூர்வ வாரிசு என்று காட்ட முடிந்தால், சென்சஸ் துறையின் வயதுத் தேடல் பிரிவிடம் கட்டணம் செலுத்தி அந்த ஒருவரின் பதிவை மட்டும் கேட்டுப் பெறலாம்.